பள்ளிச் சோறும் பாதியில் நிற்கும் மனுக்களும்

(வெள்ளி விழாவின் கல்வி அமர்வில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் இச்சங்கத்தை நாம் தோற்றுவித்தபோது கிருஷ்ணகிரி என்றொரு மாவட்டம் இல்லை. ஓசூர் அன்று தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. அந்தத் தருமபுரியும் 1965இல் சேலத்தினின்று பிரிந்ததே. ஆதலின் நம் வீடுகளில் தகரப் பெட்டியைத் திறந்தால், தாத்தாவின் சான்றிதழில் சேலம் மாவட்ட முத்திரை இருக்கும், தந்தையின் சான்றிதழில் தருமபுரி முத்திரை, பெயரனுடையதில் கிருஷ்ணகிரி. குடும்பம் அதே தெருவில்தான் இருந்தது. மாவட்டம் மட்டும் இருமுறை மாறிற்று. இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளே அந்தத் தகரப் பெட்டிதான்.

நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'பள்ளி உணவும் கல்விச் சலுகைகளும்' என்பது. சோற்றிலிருந்தே தொடங்குவோம், அதை நாமெல்லாரும் உண்டிருக்கிறோம்.

ஐம்பதைக் கடந்தோர் இவ்வவையில் பலர் உள்ளனர். அவர்தம் பிள்ளைப் பருவத்தில் நம் தெருக்களின் அன்றாட உணவு கேழ்வரகுக் களியே. அவரை காய்க்கும் மாதங்களில் அதனோடு அவரைக்கொட்டைச் சாறு சேரும். அரிசிச் சோறு பண்டிகைக்கும் கருமாதிக்கும் உரிய பண்டம். 1982 ஜூலை முதல் நாள் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அது நம் ஊர்ப் பள்ளிக்கு வந்தபோது நமக்குப் புரிந்ததெல்லாம், இனி நாள்தோறும் சோறு உண்டு என்பதுதான். 'சத்துணவு' என்னும் சொல்லின் பொருளைப் பின்னர்தான் அறிந்தோம். முதலில் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகட்கு எனத் தொடங்கி, 1984இல் பதினைந்து வயது வரை விரிந்தது. அக்காவும் தம்பியும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட நாள் அதற்குப் பிறகுதான் வந்தது.

அதற்கு முன்பு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடலாகாது. 1920இல் சர். பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகட்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது விதி. வெள்ளையர் அரசு அச்செலவுக்குத் தடை சொல்லவே, 1925இல் அது நின்றது. ஓரணாவைத் தடுத்த அந்தக் கணக்கைப் பிற்காலத்தில் காமராசர்தாம் திருத்தினார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பொருளும் பணமும் திரட்டிய வரலாற்றை நம் இளைஞர்கள் படித்தறிதல் வேண்டும்.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறோம். 1989இல் இரு வாரத்துக்கொரு முட்டை வந்தது. அது வளர்ந்து 2010இல் வாரம் ஐந்து முட்டையாயிற்று. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 1,545 பள்ளிகள்; 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்தும்; 2024இலும் 2025இலும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகள். காலை உணவின் அருமையை ஓசூர்ப் பக்கத்துத் தாய்மார்களைக் காட்டிலும் அறிந்தவர் யார்? ரோசாத் தோட்டத்தில் பூப்பறிப்போர் விடியுமுன் கிளம்ப வேண்டும். தொழிற்சாலைப் பேருந்து முதல் முறைக்கு ஆளேற்ற வரும்போது இன்னும் இருட்டு விலகியிராது. அடுப்பு மூட்டாமல் புறப்படும் தாய்க்கு, பிள்ளை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ உண்ணும் என்ற நினைப்பு எத்தகைய ஆறுதல் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் சோற்றுப் பந்தியில் நமக்கு நேர்ந்ததையும் மறைத்துப் பேசலாகாது. சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போராடியது 1924, 25ஆம் ஆண்டுகளில். அறுபது ஆண்டு கழித்தும், நம்முள் சிலர் தாம் பயின்ற பள்ளியில் தட்டைக் கழுவும் இடம்கூட வேறாயிருந்ததை நினைவுகூர்வர். பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. அங்கு இன்று நம் பிள்ளைகளும் பிறர் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில், சமைத்த உணவே பள்ளிகளில் வழங்கப்பெறல் வேண்டும் என ஆணையிட்டது. 2004 ஏப்ரலில், சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தருக எனவும் பணித்தது. அந்த இரண்டாம் ஆணையை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. உண்ணும் வரிசையில் இடம் கிடைத்தது. சமைக்கும் கைக்கு இடம் கிடைத்ததா என்பதே மீதியுள்ள வினா. 2018இல் திருப்பூர் மாவட்டத்துத் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நம் இனத்துப் பெண்ணொருவர் சமைக்கலாகாது என்று எதிர்ப்பு எழுந்தது. 2023இல் எட்டயபுரத்துக்கு அண்மையிலுள்ள உசிலம்பட்டியில், காலை உணவு சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளை உண்ணவிடவில்லை என்று புகார் எழுந்து, அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியதாயிற்று. காமராசர் திட்டம் பிறந்த அதே எட்டயபுரத்துப் பக்கம்! இதற்குமேல் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

இனி மனுவுக்கு வருவோம்.

சோற்றுக்கு மனு இல்லை. மணி அடித்ததும் தட்டோடு வந்த பிள்ளைக்குச் சோறு விழுகிறது. அதன் தந்தை யார், எந்த மாநிலத்தவர், ஆண்டு வருமானம் என்ன என்று கரண்டி கேட்பதில்லை. எல்லைக்கு அப்பாலும் அப்படியே. கர்நாடகத்தில் 2002இல் தொடங்கிய அட்சர தாசோகத் திட்டம் அங்குள்ள பள்ளிகளில் மதிய உணவு தருகிறது. 2013 முதல் பாலும் தருகிறார்கள். வேலை தேடி அத்திப்பள்ளிக்கும் ஆனேக்கல்லுக்கும் பெங்களூருக்கும் போகும் நம் குடும்பத்துப் பிள்ளை எல்லைக்கு இப்பாலும் உண்ணும், அப்பாலும் உண்ணும். அதனால் பெற்றோர் 'எங்கே படித்தால் என்ன, படிப்பு படிப்புதானே' என்று எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணத்தில்தான் நாம் ஏமாறுகிறோம்.

நம் தெருப் பெண்ணொருத்தியின் செய்தியைச் சொல்கிறோம். பெயர் சொல்லப்போவதில்லை, அவள் இவ்வவையில் இருக்கவும் கூடும். ஆறாம் வகுப்பை நம் பகுதி அரசுப் பள்ளியில் படித்தாள். தந்தைக்கு ஆனேக்கல் பக்கம் கட்டட வேலை கிடைத்தது. குடும்பம் முழுவதும் பெயர்ந்தது. ஏழாம் வகுப்பை அங்குக் கன்னடப் பள்ளியில் படித்தாள். ஓராண்டில் வேலை முடிந்து திரும்பினர். எட்டு முதல் பன்னிரண்டு வரை மீண்டும் இங்கேயே படித்தாள். நல்ல மதிப்பெண், நம் சங்கமே மேடையேற்றிப் பரிசளித்தது. கல்லூரியில் சேர்ந்ததும், அரசு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு மனு செய்தாள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் பயின்றிருத்தல் வேண்டும் என்பது விதி. ஏழாம் வகுப்பு ஒன்று இடறியது; மனு நின்றது. மூன்றாண்டுக்கு 36,000 ரூபாய்.

அது போகட்டும், பட்டியல் சாதி மாணவர்க்குரிய உதவித்தொகை தனியே உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்தபோது 1942இல் எழுதியளித்த கோரிக்கையின் பயனாய் 1944இல் பிறந்த உதவித்தொகை அது. இன்று ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைக்கு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு அது கிடைக்கும். அதற்கும் அவள் மனு செய்தாள். ஆதார் அட்டை அத்திப்பள்ளியில் எடுத்தது. அதில் தந்தை பெயர் 'அப்பா' என முடிந்தது. நம் வட்டாட்சியர் தந்த சாதிச் சான்றில் 'அப்பன்' என முடிந்தது. முனியப்பா, முனியப்பன் என்று நம் எல்லை ஊர்களில் ஒரே மனிதரை இரு விதமாய் அழைப்பதில் யாருக்கும் வியப்பில்லை. கணிப்பொறிக்கு அவர்கள் இருவர். திருத்தம் செய்யப் பல முறை அலைந்தார் தந்தை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு நாட் கூலி போயிற்று. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் அவள் கல்லூரியை விட்டு ஒப்பந்தப் பணிக்குச் சென்றாள்.

இதில் எந்த அலுவலகத்தையும் நாம் குறை கூற வரவில்லை. குறை நம்முடையது. அவள் ஆறாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில், தந்தை மூட்டை கட்டும்போது, 'பெண்ணைப் பாட்டியிடம் விட்டுப் போ' என்று சொல்ல நம்மில் ஒருவரும் இல்லை. திட்டத்தின் பெயர் அன்று பிறக்காதிருக்கலாம். ஆயினும் பள்ளியை மாற்றினால் பின்னர் ஏதேனும் ஒரு சலுகை தவறும் என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு ஏழரை விழுக்காடு ஒதுக்கியபோதும் ஆறு முதல் பன்னிரண்டு என்னும் அதே விதிதான் வந்தது. ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் வழங்கினோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம், மனுவின் அருகில் அமரவில்லை.

எல்லையோரத்தில் வாழ்வோர் அறிந்தேயாக வேண்டிய சட்டம் ஒன்றுண்டு. பட்டியல் சாதி என்னும் தகுதி மாநிலத்தைப் பொறுத்தது. அரசமைப்பின் 341ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பட்டியல். 'ஆதி திராவிடர்', 'ஆதி கர்நாடகர்' என்னும் பெயர்கள் இரு மாநிலப் பட்டியலிலும் உள்ளனவே, நமக்கென்ன அச்சம் என்று கேட்போர் உண்டு. பெயர் ஒன்றாயிருப்பதால் பயனில்லை. பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றவர் அம்மாநிலத்தின் சலுகையைக் கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், மீண்டும் 2018இல் பீர் சிங் வழக்கிலும் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் சொந்த மாநிலத்தின் உரிமை போய்விடுவதில்லை. கர்நாடகத்துக் கல்லூரியில் படித்தாலும், நம் பிள்ளை உதவித்தொகைக்குத் தமிழ்நாட்டிடமே மனு செய்தல் வேண்டும். சொந்த மாநிலம் எதுவென்று பார்க்கையில், 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள், அதாவது குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாளில், குடும்பம் எங்கு வாழ்ந்தது என்பதே கணக்கு.

இப்போது தாத்தாவின் சேலம் முத்திரையை நினைத்துப் பாருங்கள். பெட்டியின் அடியில் கரையான் அரிக்கக் கிடக்கும் அந்தத் தாள்தான், நாம் இம்மண்ணின் குடிகள் என்பதற்குச் சான்று. அதைப் பழங்காகிதம் என்று பாத்திரக்காரனிடம் போட்ட வீடுகளையும் நாமறிவோம்.

சாதிச் சான்றில் எழுதும் சொல்லையும் கவனித்தல் வேண்டும். நம் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் அருந்ததியர் குடும்பங்கள் நிரம்ப உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியல் சாதியினர்க்குரிய ஒதுக்கீட்டினுள் மூன்று விழுக்காடு அருந்ததியர்க்கு உள்ளது. அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்னும் ஏழு பெயர்கள் அதில் அடங்கும். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, மாநிலங்கள் இவ்வாறு உட்பிரிவு செய்யலாம் எனத் தீர்ப்பளித்தது. மாதிகா குடும்பத்துப் பிள்ளைக்கு, எழுதியவர் தம் பழக்கத்தால் 'ஆதி திராவிடர்' என்று எழுதிவிட்டால், அந்த உள் ஒதுக்கீடு அப்பிள்ளைக்கு எட்டாது. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே வாசித்துப் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோர் வெட்கப்படாமல் தெருவிலுள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நம் உறவினர் பலர் தூய்மைப் பணியாளர். ஓசூர் 2019இல் மாநகராட்சியான பின் அப்பணியும் பெருகிற்று. தூய்மைப் பணி, குப்பை பொறுக்குதல், தோல் பதனிடுதல் ஆகியவற்றில் உழைப்போரின் பிள்ளைகட்கு, முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நடுவணரசின் உதவித்தொகை ஒன்று 1970களிலிருந்தே உண்டு. அதற்கு வருமான வரம்பு கிடையாது. எனவே வருமானச் சான்றுக்கு அலைய வேண்டா. இத்தனை எளிய மனுவைக்கூட நம்மவர் போடுவதில்லை. காரணம் கேட்டோம். 'அந்தத் தொழிலின் பெயரைப் பள்ளியில் எழுதித் தரப் பிள்ளை கூசுகிறது' என்றார் ஒரு தாய். அந்தக் கூச்சத்தை நாம் எளிதாய்க் கடிந்துவிட முடியாது. வகுப்பில் அப்பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்ன அனுபவம் நம்முள் பலர்க்கு உண்டு. ஆதலின் அந்த மனுவைப் பிள்ளை கொண்டு செல்லாமல், சங்கத்தார் ஒருவர் பெற்றோரோடு சென்று தலைமையாசிரியரிடம் நேரில் கொடுப்பது என்று முடிவு செய்துள்ளோம்.

வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்கட்கு ஒரு சொல். போக வேண்டா என்று நாம் எங்ஙனம் சொல்ல முடியும்? கூலி அங்கு இருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பை எட்டிய பிள்ளையை இங்கு விட்டுச் செல்ல வழி உண்டா என்று முதலில் பாருங்கள். பாட்டி, அத்தை வீடு இல்லையெனில் ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதி உண்டு. பயிலும் பள்ளி வீட்டினின்று ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும் என்பது விடுதியின் விதி. மாணவியர்க்கு அத்தொலைவு விதி பொருந்தாது. விடுதிச் சோற்றைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் உங்கள் முணுமுணுப்பு நமக்குக் கேட்கிறது. பெண்பிள்ளையை விடத் தாய் தயங்குவதில் தவறில்லை. மாதம் ஒருமுறை சங்கத்துப் பெண்கள் இருவர் விடுதிக்குச் சென்று பார்த்து வரட்டும் என்பது நம் கருத்து. பொதுக்குழு ஏற்க வேண்டும்.

எவ்வாற்றானும் அழைத்துச் செல்ல நேர்ந்தால், போகும்போதும் வரும்போதும் மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது தாமதமாயிற்று என்பதைக் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். அங்குப் பள்ளியில் பெயர் எழுதும்போது, இங்குள்ள சான்றில் உள்ளவாறே, முன்னெழுத்து உட்பட, எழுதச் சொல்லுங்கள். அதிகாரி சிரிப்பார், சிரிக்கட்டும்.

இளைஞர்களே, உங்களிடம்தான் மீதியைச் சொல்ல வேண்டும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று அப்படியன்று, ஓராண்டில் காலாவதியாகும். இ-சேவை மையத்தில் சான்றொன்றுக்கு 60 ரூபாய்க் கட்டணம். அதற்குமேல் கேட்போர்க்குக் கொடுக்கலாகாது. உதவித்தொகையில் நடுவணரசின் பங்கு 2021 முதல் நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கு ஆதாரோடு இணைந்திராவிட்டால் பணம் வந்த வழியே திரும்பும். ஓராண்டு கழித்துத்தான் நமக்குத் தெரியும். உங்கள் கையிலுள்ள தொலைபேசியில் இவையனைத்தையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தந்தைமார் ஒரு நாட் கூலி இழந்து வட்டாட்சியர் அலுவலகத்துத் திண்ணையில் அமர்வதை நீங்கள் தடுக்க முடியும்.

வெள்ளி விழாவை ஒட்டிக் கட்டடத்துக்கு வண்ணம் பூசவும் வளைவு அமைக்கவும் நிதி திரட்டினோம். வளைவு வேண்டா என்று செயற்குழுவில் சிலர் வாதாடினர். நாமும் அவர் பக்கமே நின்றோம். இறுதியில் வளைவு சிறிதாயிற்று. மிச்சப் பணத்தில் ஒரு கணிப்பொறியும் அச்சுப்பொறியும் வாங்கப்பெற்றுள்ளன. இழுப்பறையுடன் கூடிய இரும்புப் பேழை ஒன்றும் வந்துள்ளது. குடும்பத்துக்கு ஓர் உறை. அதில் சான்றிதழ் நகல்கள் மட்டும்.

பள்ளி திறக்குமுன், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் தோறும் காலை பத்து மணி முதல் மாலை வரை நம் கட்டடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் அமர்ந்திருப்பர். வேலைக்குச் சென்றுள்ளோர் ஊர் வரும் நாள் அதுவே என்பதால் ஞாயிறு. பிள்ளையின் ஆதார் அட்டை, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். மூலச் சான்றிதழை எவரிடமும், எங்களிடமும்கூட, விட்டுச் செல்ல வேண்டா. நகல் எடுத்தவுடன் கையோடு வாங்கிச் செல்லுங்கள். தாத்தா பாட்டியின் பழைய தாள் ஏதேனும் இருப்பின், கிழிந்திருந்தாலும் அதையும் எடுத்து வாருங்கள். அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடாதீர்கள், எழுத்து அழிந்துபோகும்.